பங்காளி இல்லாத அம்பயர்

தோர்பாகில் கிரிக்கெட் ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை. தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. சண்டைக் காலம் ஓய்ந்து பெஷாவர் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்கள் பாயையும் தகரப்பெட்டியையும் சுமந்து வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் மட்டையையும் பந்தையும் கொண்டுவந்தார்கள். கையோடு ஒரு அம்பயரையும் அழைத்துவர வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊரில் நூற்றுப்பத்து கூரைகள் உண்டு. ஆனால் வீடு என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று மேலக்கோட்டை, இன்னொன்று கீழக்கோட்டை. மூன்று தலைமுறைக்கு முன்னால் அண்ணன் தம்பி இரண்டு பேர் வாய்க்காலில் முதல் மடை யாருக்கு என்று பேச உட்கார்ந்து, பேசி முடிக்காமலே எழுந்தார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் எல்லாரும் இப்போது பங்காளிகள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் தவறாமல் போவார். வயிறு நிறையச் சாப்பிடுவார். உப்பு குறைவு என்று நாலு பேர் காதில் போட்டுவிட்டுத் திரும்புவார்.

முதலில் அம்பயராக நின்றவர் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாவது ஓவரில் அவருடைய தாயார் கீழக்கோட்டைப் பெண் என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. அடுத்து முல்லா. அவர் தங்கையை மேலக்கோட்டையில் கொடுத்திருக்கிறது. மூன்றாவதாக, எங்கோ வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த சாவடிப் போலீஸ்காரரைப் பிடித்தார்கள். அவருக்கு இந்த ஊரில் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் மேலக்கோட்டையில் பச்சைத் தேநீர் குடித்ததை ஒருவன் பார்த்துவிட்டான்.

"டீ மட்டுந்தான்யா குடிச்சேன்!" என்றார் போலீஸ்காரர்.

"ஏலக்கா போட்டதா, போடாததா?"

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையே போதுமானதாக இருந்தது. மறுமாதம் அவர் மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

ஊருக்குப் பெரியவர் ஹாஜி ஸர்கல். தகப்பன் வழியில் மேலக்கோட்டை, தாய் வழியில் கீழக்கோட்டை. ஆகவே இரண்டு தரப்பும் சமமாகச் சந்தேகப்படக்கூடிய மனிதர். அவர்தான் ஒருநாள் ஜிர்காவில், ஊரார் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது கேட்டார்:

"பங்காளியே இல்லாதவன் ஒருத்தன்கூடவா இந்த ஊர்ல இல்ல?"

எல்லாருடைய தலையும் கடைத்தெருவின் கடைசிப் பக்கம் திரும்பியது. அங்கே தீரத் சிங் தராசில் அதிமதுரம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

தீரத் சிங்குக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஊரார் அவரை லாலா என்றுதான் கூப்பிடுவார்கள். நாட்டு மருந்துக்கடை. பாட்டனும் தகப்பனும் இதே பலகையில் உட்கார்ந்து இதே ஊரின் வயிற்றுக்குக் கடுக்காயும் இசப்கோலும் கொடுத்தவர்கள். முன்பு இந்தக் கடைத்தெருவில் ஏழு சீக்கியக் குடும்பங்கள் இருந்தன. சண்டைக் காலத்தில் எல்லாரும் போனார்கள், இவரும் போனார். திரும்பி வந்தது இவர் ஒருவர்தான். ஏன் வந்தார் என்று கேட்டால், நூற்றெட்டு இழுப்பறை உள்ள மருந்து அலமாரியை வேறு எந்த வாசலிலும் நுழைக்க முடியாது என்பார். மனைவி தேஜ் கௌரைக் கேட்டால் பிடிவாதம் என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்வாள். ஜலாலாபாதில் மைத்துனன் கடை இருந்தது. "மாமா, இங்க வந்துடுங்க. என் கடையில ஒரு முக்காலி போட்டுத் தர்றேன்" என்று அவன் மாதத்துக்கு இரண்டு முறையாவது ஃபோனில் கூப்பிடுவான். அந்த முக்காலி என்ற சொல்லைக் கேட்டாலே தீரத் சிங்குக்கு முதுகு வலிக்கும்.

"லாலா, பெஷாவர்ல ரேடியோவுல கிரிக்கெட் கேப்பியாமே?" என்றார் ஹாஜி.

"கேப்பேன், ஹாஜி. ஆனா ரேடியோவுல பந்து தெரியாது."

"அது பரவால்ல. உனக்கு இங்க பொண்ணு குடுத்த சொந்தம், எடுத்த சொந்தம் எதாச்சும் உண்டா?"

"எப்படி இருக்கும், ஹாஜி?"

"வாய்க்கால்ல பங்கு?"

"குடிக்கிற தண்ணியே கிணத்துலேருந்துதான்."

"அப்ப வெள்ளிக்கிழமை வந்துடு."

இப்படித்தான் அவர் அம்பயரானார். நடுநிலையான மனிதர் ஊரில் ஒருவர்தான் என்பதால் ஆடுகளத்தின் இரண்டு முனைக்கும் அவர் ஒருவரே. ஓவருக்கு ஓவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பார். பந்துகளை எண்ண நீல அங்கியின் இடது பையில் ஆறு கடுக்காய். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று வலது பைக்குப் போகும்.

முதல் மாதம் ஊர் அவரைச் சந்தேகிக்கவில்லை. கவனித்தது, அவ்வளவுதான். பால் எந்த வீட்டில் வாங்குகிறார்? மேலக்கோட்டையில். உடனே தயிரைக் கீழக்கோட்டைக்கு மாற்றினார். அப்படியானால் பால் கெட்டி, தயிர் புளிப்பு என்று அர்த்தமா என்று ஒருவன் கேட்டான். கல்யாண விருந்துகளில் அவர் வாசற்படியில் உட்கார ஆரம்பித்தார். உள்ளே வந்தாரா வரவில்லையா என்பது பற்றியும் இரண்டு கட்சி உண்டானது.

தீர்ப்புச் சொல்லும் முன் மனதுக்குள் ஐந்து எண்ணுவது அவர் வழக்கம். "லாலா யோசிக்கிறார்னா பேரம் படியலைன்னு அர்த்தம்" என்றார்கள். எண்ணுவதை விட்டார். "பாருய்யா, யோசிக்கவே இல்ல. வீட்லயே முடிவு பண்ணிட்டு வந்திருக்கார்" என்றார்கள். அதன்பின் மூன்று எண்ணினார்.

பிறகு அந்த மல்பெரி விவகாரம். மேலக்கோட்டை அணியின் தலைவன் பர்யாலை. நெடுநெடுவென்று வளர்ந்தவன், பேச்சு குறைவு, ரோஷம் அதிகம். அவன் தாயார் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிப்போன நன்றியில் ஒரு தட்டு மல்பெரிப் பழம் கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பினால் அவமானம், வைத்துக்கொண்டால் லஞ்சம். தீரத் சிங் இரவெல்லாம் புரண்டு படுத்துக் காலையில் ஒரு வழி கண்டார். கீழக்கோட்டையிலிருந்தும் ஒரு தட்டு மல்பெரி வந்துவிட்டால் சரியாகிவிடும். கீழக்கோட்டைத் தலைவன் ஷம்ரோஸ். வட்ட முகம், எப்போதும் சிரிப்பு, அந்தச் சிரிப்பை யாரும் நம்புவதில்லை. அவனிடம் ஜாடையாகச் சொன்னார்:

"தம்பி, உங்க வீட்டு மல்பெரி இந்த வருஷம் நல்ல காய்ப்பாமே."

ஷம்ரோஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். "லாலா, வாயத் தொறந்து கேக்க ஆரம்பிச்சுட்டியா?" என்றான். மாலையில் ஒரு கூடை சர்க்கரைப்பாதாமிப் பழம் வந்து இறங்கியது.

மல்பெரியைவிடப் பாதாமி உசத்தி. மறுநாள் மேலக்கோட்டையிலிருந்து தர்பூசணி வந்தது. அதற்கு மறுநாள் கீழக்கோட்டையிலிருந்து இரண்டு தர்பூசணி. பத்து நாள் இப்படிப் பழமாக வந்து இறங்கியது. தேஜ் கௌர் வெட்டிக் காயவைக்கக் கூரையில் இடமில்லாமல், "ஏங்க, இவங்க உங்கள விலைக்கு வாங்குறாங்களா, இல்ல பழத்தாலயே அடிச்சுக் கொல்லப் பாக்குறாங்களா?" என்று கேட்டாள்.

அதற்குள் அவருக்கே சந்தேக வியாதி தொற்றிவிட்டது. யாராவது பேரம் பேசாமல் மருந்து வாங்கினால் பின்னாலேயே போய் மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு வருவார். யாராவது இரண்டு தடவை சலாம் சொன்னால் அவன் தம்பி பந்து போடுகிறவனா, மட்டை பிடிக்கிறவனா என்று விசாரிப்பார். ஒருநாள், தான் மேலக்கோட்டைக்காரர்களைவிடக் கீழக்கோட்டைக்காரர்களை இரண்டு பேர் அதிகமாக அவுட் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றி, தன்னையே சந்தேகித்து, அந்தப் பாழாய்ப்போன மல்பெரியை மனதுக்குள் குறுக்கு விசாரணை செய்தார். அன்று ருசித்துத்தான் சாப்பிட்டிருந்தார். அதை மறுக்க முடியவில்லை.

"விட்டுத் தொலைங்களேன் இந்த வேலைய" என்பாள் தேஜ் கௌர்.

"விட்டா, எந்த வீட்டுக்குப் பயந்து விட்டேன்னு கேப்பாங்க. ஒருத்தர் பக்கம் சாஞ்சேன்னு பேர் வந்தா ஊர்ல பாதி நம்ம கடைப்படி ஏறாது. மீதிப் பாதியை வெச்சு எத்தன நாள் ஓட்டறது? அப்புறம் முக்காலிதான்."

ஆறு வருடம் ஓடியது. ஆறு வருடமும் கடை தப்பித்தது.

கோதுமை அறுப்பு முடிந்து ஈதுப் பெருநாளின் மூன்றாம் நாள், தாள் நின்ற வயலில் இரண்டு கோட்டைக்கும் பெரிய ஆட்டம். ஜெயித்த வீடு கிடா அறுத்து விருந்து வைக்க வேண்டும். தோற்ற வீடு அங்கே போய் உட்கார்ந்து அந்த விருந்தைச் சாப்பிட வேண்டும். தோல்வியைக்கூட ஒருவன் தாங்கிக்கொள்வான். பங்காளி எடுத்து வைக்கும் கறித்துண்டுதான் தொண்டையில் இறங்காது.

அந்த வருடம் ஆட்டம் கடைசி ஓவர்வரை வந்தது. மேலக்கோட்டைக்கு மூன்று ரன் வேண்டும். இரண்டு பந்து மிச்சம், ஒரே விக்கெட் மிச்சம். மட்டை பர்யாலையிடம், பந்து ஷம்ரோஸிடம். டென்னிஸ் பந்தின்மேல் சிவப்பு டேப் சுற்றி ஆடுவது வழக்கம். நாள் முழுக்க அடி வாங்கிய அந்தப் பந்தில் டேப்பின் நுனி விட்டுப்போய் நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தீரத் சிங் அதைப் பார்த்தார். ஷம்ரோஸ் ஓடிவந்து வீசினான். பர்யாலை மட்டையைச் சுழற்றினான். சடக் என்று ஒரு சத்தம். விக்கெட் கீப்பர் பந்தைப் பிடித்து வானத்தில் எறிந்தான்.

கீழக்கோட்டை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

தீரத் சிங் பந்தைப் பார்த்திருந்தார். மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு கையை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. சத்தம் போட்டது காற்றில் துடித்த டேப் நாக்கு. ஆறு வருடத்தில் எத்தனையோ தீர்ப்பைப் பாதி நம்பிக்கையில் சொல்லியிருக்கிறார். இது ஒன்றில்தான் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. மூன்றுகூட எண்ணவில்லை.

"நாட் அவுட்!"

"லாலா, கடுக்காயக் காதுல வெச்சு அடைச்சுக்கிட்டியா?"

"அந்தச் சத்தம் ஜலாலாபாதுக்கே கேட்டிருக்கும்யா!"

"நாட் அவுட்டுன்னு அவரா சொன்னாரு? வயித்துக்குள்ள இருக்குற மல்பெரி சொல்லுது!"

ஷம்ரோஸ் கையை உயர்த்தித் தன் ஆட்களை அடக்கினான். சிரித்துக்கொண்டே நாலடி முன்னால் வந்தான்.

"விடுங்கப்பா. பட்டது இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். இருந்தாலும் நான் அவுட் கேக்கல, வாபஸ் வாங்கிக்கறேன். நம்ம பங்காளி ஆசப்படறான், ஆடட்டும். கீழக்கோட்ட தர்மம்னு வெச்சுக்க, பர்யாலை."

விளையாட்டில் இதைப் பெருந்தன்மை என்று கை தட்டுகிற ஊர்கள் இருக்கலாம். தோர்பாகில் இதைவிட ஒரு பங்காளியின் கன்னத்தில் அறைந்திருக்கலாம். பர்யாலையின் முகம் அந்த டேப்பைவிடச் சிவந்தது. பந்து மட்டையில் படவில்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் இப்போது அங்கே நின்றால், ஷம்ரோஸ் போட்ட பிச்சையில் நிற்கிறான் என்றாகிவிடும். மட்டையைக் கக்கத்தில் இடுக்கினான்.

"பட்டுச்சு" என்றான். "நல்லாவே பட்டுச்சு. நான் அவுட்டு."

"டேய் பர்யாலை! படலடா!" என்று அலறினார்கள் அவன் ஆட்கள்.

"என் மட்டைல பட்டது எனக்குத் தெரியாதா? பாவம், ஜெயிச்சுட்டுப் போகட்டும். ரொம்ப நாளா ஏங்கிட்டு இருக்கான்."

ஷம்ரோஸின் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடிப்போய் வழி மறித்தான்.

"எங்கடா போற? நான்தான் கேக்கலன்னு சொல்லிட்டேன்ல? அம்பயரே நாட் அவுட்டுங்கறார். போய் ஆடு!"

"உன் தயவுல ஆடறதுக்கு நான் என்ன அநாதையா?"

"உன் தயவுல ஜெயிக்கறதுக்கு நான் என்ன வக்கத்தவனா? நீ நாட் அவுட்டுடா!"

"நான் அவுட்டுடா! எவன்டா இல்லங்கறது?"

பந்து போட்டவன் அவுட் இல்லை என்று சட்டையைப் பிடிக்க, மட்டை பிடித்தவன் அவுட்தான் என்று மார்பில் அடித்துக்கொள்ள, வயலில் இருந்த இருநூறு பேருக்கும் எந்தப் பக்கம் கத்துவது என்று புரியவில்லை. ஹாஜி ஸர்கல் தடியை ஊன்றிக்கொண்டு நடுவே வந்தார்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. லாலா, நீ சொல்லு. நீ சொல்றதுதான். இவன் அவுட்டா, இல்லையா?"

இரண்டு ஜோடிக் கண்கள் தீரத் சிங்கைத் துளைத்தன. இரண்டு ஜோடியிலும் ஒரே சந்தேகம்: இந்த ஆள் இதில் கூட்டா?

அவுட் இல்லை என்றால் பர்யாலை ஊர் நடுவே பொய்யனாகிறான், அதற்கு மேல் ஷம்ரோஸின் தர்மத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவுட் என்றால் ஷம்ரோஸ் பங்காளி போட்ட பிச்சையில் ஜெயித்து, அந்த ஜெயிப்புக்குக் கிடா வேறு அறுக்க வேண்டும். அவமானப்பட்டவன் எவனாக இருந்தாலும் ஆத்திரத்தைத் தீர்க்கப் பங்காளியிடம் போகமாட்டான். பங்காளி அவனைத் திருப்பி அடிப்பான். நேரே வந்து நிற்பது கடைத்தெருவின் கடைசிக் கடையில்தான். தீரத் சிங்கின் கண்முன்னே ஜலாலாபாத் முக்காலி வந்து நின்றது. அதன் ஒரு கால் குட்டை என்றுகூட அவருக்குத் தெரிந்தது.

"ஹாஜி" என்றார், "நான் பந்தையே பாக்கல."

அங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேர்வை கண்ணுல இறங்கிடுச்சு. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. இந்தப் பந்து செல்லாது, திரும்பப் போடணும்."

தன் ஆயுளில் சொன்ன ஒரே சுத்தமான தீர்ப்பை அவர் இப்படித் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார்.

"பாக்கலையா?" என்றார்கள் ஷம்ரோஸும் பர்யாலையும் ஒரே மூச்சில்.

"பாக்கறதுதானேய்யா உன் வேலையே!" என்று ஷம்ரோஸ் ஆரம்பித்தான்.

"பாக்காம நிக்கறதுக்கு நாங்க ஒரு கம்ப நட்டு வெச்சிருக்க மாட்டோமா?" என்று பர்யாலை தொடர்ந்தான்.

"கம்புன்னா நிழலாவது விழும்!"

"நல்லாச் சொன்ன, பங்காளி!"

மூன்று தலைமுறையில் இரண்டு கோட்டையும் தோளோடு தோள் உரசி ஒரே ஆளைத் திட்டியது அன்றைக்குத்தான். ஒருவன் மறந்த வசவை மற்றவன் எடுத்துக்கொடுத்தான். தீரத் சிங் தலையைக் குனிந்து ஆறு கடுக்காயையும் எண்ணிக்கொண்டிருந்தார். திட்டி முடிப்பதற்குள் பள்ளிவாசலில் அந்திப் பாங்கு கேட்டது. பந்தைத் திரும்பப் போட வெளிச்சம் இல்லை. ஆட்டம் யாருக்கும் இல்லாமல் போனது.

மறுநாள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தீரத் சிங் நூற்றெட்டு இழுப்பறையையும் ஒவ்வொன்றாகத் திறந்து துடைத்து மூடினார். தேஜ் கௌர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, நெசமாவே பாக்கலையா?"

"பாத்தேன் தேஜ். ஒரு கை இடைவெளி. படவே இல்ல."

"அன்னைக்கு வேர்வைன்னீங்க."

"அது சும்மா சொன்னது."

"ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு சொல்றீங்க. இதுல எத நான் நம்பறது?"

நடந்ததைப் பார்த்த சாட்சி உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் தீரத் சிங். இன்னொருவன், பட்டது என்று மார்பில் அடித்துச் சொன்ன பர்யாலை.

செவ்வாய்க்கிழமை ஹாஜி வீட்டில் ஜிர்கா கூடியது. தீரத் சிங் மூலையில் உட்கார்ந்தார். குற்றம்: பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது.

"எனக்கென்னமோ இவர் பாத்திருப்பார்னுதான் தோணுது" என்றான் ஷம்ரோஸ். "பாக்கலன்னு இவ்ளோ தெளிவா எவன் சொல்லுவான்?"

"எனக்கும் அதே சந்தேகந்தான்" என்றான் பர்யாலை. அவனுக்குச் சந்தேகம் வரக் கூடுதல் காரணம் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை.

"அப்ப லாலாவ எடுத்துடலாமா?" என்றார் ஹாஜி.

"எடுத்துட்டு?"

பக்கத்து ஊர் தபால்காரன் பெயர் வந்தது. அவன் மனைவி எந்த ஊர் என்று ஒருவன் கேட்டான். தபால்காரன் பெயர் போனது. மருந்து ஊசி போட வருகிறவன் பெயர் வந்தது. அவன் யார் வீட்டில் மதியம் சாப்பிடுகிறான் என்று இன்னொருவன் கேட்டான். அதுவும் போனது. பொழுது சாயும்வரை தேடினார்கள். கடைசியில் எல்லாத் தலைகளும் அந்த மூலைக்கே திரும்பின. மாகாணம் முழுக்கச் சலித்தாலும் பங்காளி இல்லாத ஆள் இவர் ஒருவர்தான்.

ஹாஜி தீர்ப்புச் சொன்னார். லாலாவே நிற்கட்டும். ஆனால் அவர் பார்க்கிறாரா என்று பார்க்க வீட்டுக்கு ஒருவராக இரண்டு ஆள் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"அவங்க ரெண்டு பேரும் சரியாப் பாக்கறாங்களான்னு யார் பாக்கறது?" என்றான் ஷம்ரோஸ்.

"அத அடுத்த ஜிர்காவுல பாத்துக்கலாம்."

புதன்கிழமை காலையில் கீழக்கோட்டைக் கிழவர் ஒருவர் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மேலக்கோட்டையிலிருந்து ஒருவர் அதே இருமலோடு வந்தார். இரண்டு பொட்டலத்தையும் தீரத் சிங் இரண்டு முறை நிறுத்துக் கொடுத்தார். மைத்துனன் ஃபோன் செய்தபோது, முக்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவர் வயலில் போய் நின்றார். வலப்பக்கம் மேலக்கோட்டை ஆள், இடப்பக்கம் கீழக்கோட்டை ஆள். இருவரும் ஒரு முழத் தூரத்தில் நின்று, கண் வைத்தியர்கள் மாதிரி அவர் கருவிழியையே உற்றுப் பார்த்தார்கள். வரப்பில் உட்கார்ந்திருந்த கூட்டமும் கழுத்தை நீட்டி அதையேதான் பார்த்தது. பந்தைப் பார்க்க மிச்சம் இருந்தது தீரத் சிங் ஒருவர்தான்.

நாலாவது பந்து மட்டைக்காரனின் காலில் பட்டது. எல்பிடபிள்யூ என்று கத்தினார்கள். அவர் ஐந்து எண்ணி விரலைத் தூக்கினார்.

மட்டைக்காரன் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தான்.

"பாத்தாரா?"

"பாத்தார்" என்றான் ஒருவன்.

"கண்ண இமைக்கக்கூட இல்ல, பாத்தார்" என்றான் மற்றவன்.

அவுட்டா என்று யாரும் கேட்கவில்லை. மட்டைக்காரன் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.